பாதி உருகிய ஈயம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அவருக்குக் கண்ணில் கட்டுப் பிரித்தாகிவிட்டது, இனி நான் கோபப்படும்போது என் முகம் தெளிவாகத் தெரியுமே என்பதுதான் அவருடைய கவலை. நீயும் மருமகளும் குட்டியும் நலமாக இருக்க வேண்டும். போனில் குட்டி இருமியது நீ மறைத்தாலும் எனக்குக் கேட்டது, வெந்நீர் கொடு.

நீ அனுப்பிய இரண்டு வரியைப் படித்தேன். அந்த வீடியோவை நீயும் பார்த்துவிட்டாயாம், இந்த வயசுல எதுக்கும்மா வம்பு, ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு வேலையைப் பாருங்க என்கிறாய். என்னடா நியாயம் இது? சிமெண்ட் ஆலையின் பாய்லர் கூடத்தில் இருபத்தாறு வருஷம் நின்றவள் நான். ஆலையை மூடி அருங்காட்சியகமாக்கியபோது, சுண்ணாம்புக்கல் பெட்டிகளை இழுத்த அந்தக் குட்டி நீராவி எஞ்சினைப் பழுதுபார்த்து, ஞாயிறுதோறும் ஜனங்களை ஏற்றி ஓட்டுகிறவளும் நான்தான். வெள்ளைச் சட்டைக்காரர்கள் மேல் சாம்பலைக் கொட்டிய பைத்தியக்காரியை ஊரே வீடியோவில் பார்த்தது. அதற்கு முன் நடந்ததை யார் படமெடுத்தார்கள்?

அன்று அருங்காட்சியகத்தைப் பார்க்க விருந்தாளிகள் குடும்பத்தோடு மூன்று மணிக்கு வருவதாகப் பேச்சு. விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டி, வாசல் காவலாளியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, நான் வருகிறவரை நகர்த்தாதீர்கள் என்று புது மேனேஜரிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மேனேஜருக்கு நான் வைத்த பெயர் பாலிஷ், எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும் அவருக்கு. விருந்தாளிகள் முன்னதாகவே வந்துவிட்டார்களாம். பாய்லரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் உண்டல்லவா, சின்ன வயதில் நீ விரலால் தட்டித் திட்டு வாங்குவாயே, அது கொஞ்சம் சொட்டும். அந்தச் சொட்டு அவர் பூட்ஸில் விழுந்ததாம். உடனே அதன் மேல் திருகையும் கீழ்த் திருகையும் இறுக்கி மூடிவிட்டார். மூடினால் சொட்டாது, சரி. கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்ட தண்ணீரும் அசையாதே! பாய்லர் வற்றிக்கொண்டே போகிறது, கண்ணாடி மட்டும் பாதி நிறைவு என்று பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறது. அதை நம்பி, முன்னே பின்னே ஓட்டறது என்ன பெரிய வித்தையா என்று, காவலாளியைக் கரி அள்ளிப் போடச் சொல்லி, விருந்தாளிகளின் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நாலு நடை போயிருக்கிறார் அந்தப் புண்ணியவான்.

நான் வந்து ஏறியதும் வழக்கம்போலக் கண்ணாடிக் குழாயின் திருகுகளைத் திறந்து சோதித்தேன். வெறும் ஆவிதான் சீறியது, தண்ணீர் ஒரு பொட்டு இல்லை. தண்ணி விடுங்க, தண்ணி விடுங்க என்று பாலிஷ் கத்துகிறார். காய்ந்த தகட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் பாய்லரே வெடிக்கும் என்று அவருக்கு எங்கே தெரியும்? பிள்ளைகளை இறங்கி ஓடச் சொல்லிக்கொண்டே நெருப்பு முழுவதையும் வாரி வெளியே தள்ளினேன். கீழே நின்ற வெள்ளைச் சட்டை விருந்தாளிகள் மேல் சாம்பல் பறந்தது. பறக்காமல் என்ன செய்யும்? மறுநாள் ஆறிய பிறகு அடுப்புக்குள் தவழ்ந்து போய், மேல்தகட்டில் இருக்கும் ஈய அடைப்பைக் கழற்றினேன். தண்ணீர் வற்றினால் முதலில் உருகி எச்சரிப்பது அதுதான். பாதி உருகியிருந்தது. பாலிஷ் என்ன சொன்னார் தெரியுமா? விருந்தாளிங்ககிட்ட எழுத்துல மன்னிப்புக் கேளுங்க, புது அடைப்பைப் போட்டுட்டுப் பேசாம இருங்க, ஞாயித்துக்கிழமை நீங்களே ஓட்டலாம், இல்லேன்னா எஞ்சின் கொட்டகைச் சாவியைக் கொடுத்துடுங்க என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறார்!

நீ சொன்னபடியே மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டேன். பாய்லர் இன்ஸ்பெக்டருக்கு. எரிகிற எஞ்சினைத் தெரியாதவர்கள் கையில் விட்டுப் போனது என் தப்பு, மன்னிக்கவும் என்று எழுதி, அந்த அடைப்பையும் கூடவே வைத்துக் கொடுத்தேன். அவர் வந்து பார்த்து, தகட்டைச் சோதித்து முடிக்கும்வரை நெருப்பு மூட்டக் கூடாது என்று சீல் வைத்துவிட்டார். ஆறு மாதமோ ஒரு வருஷமோ தெரியாது. அவர் போன பிறகு எஞ்சின் படியில் உட்கார்ந்து அழுதேன், உன்னிடம் மறைப்பானேன். சாவியை மட்டும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்த் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு வருவேன், துரு சீலைப் பார்த்து ஒதுங்கிப் போகாது.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். மறந்துவிடாதே, உன் குளியலறை ஹீட்டர் சொட்டுகிறது என்றாயே, சொட்டுவதை நிறுத்த நீயாக எதையும் மூடாதே, தெரிந்த ஆளைக் கூப்பிடு. அவன் சத்தம் போட்டால் கேட்டுக்கொள்.

உன்மேல் இன்னும் கோபம் தீராத,
அம்மா