தவளைக் குழித் தோட்டம்

பிப்ரவரி 3

ஓவர்சியர் அம்மாவுக்கு,

நான் நலம். அங்கே நீயும் உன் அம்மாவும் நலமா?

ஒன்பது வருஷமாக வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டையோடு நிறுத்திக்கொண்ட புருஷன் திடீரென்று பக்கம் பக்கமாக எழுதினால், ஏதோ காரியமாகத்தான் வருகிறான் என்று நினைப்பாய். காரியமாகத்தான் வருகிறேன். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நம்மில் ஒருவர் வைத்துவிடுகிறோம். கடிதம் என்றால் நீ பேசும்போது நான் குறுக்கே விழ முடியாது.

நான் பஸ் ஓட்டும் தடத்தின் கடைசி நிறுத்தம் ஒரு பூங்கா. ஒரு மலைச்சரிவு முழுக்கத் தோட்டங்கள். இந்த நகரத்துக்குப் பிழைக்க வந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் நகராட்சி அதில் ஒரு துண்டு நிலம் கொடுக்கிறது. உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று எங்களுக்குக் காட்டுங்கள், அவ்வளவுதான் நிபந்தனை. தீவுக்காரர்கள் ஒரு படகைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் கொடி படரவிட்டிருக்கிறார்கள். மலைநாட்டுக்காரர்கள் கல்லை அடுக்கி இடுக்கிலெல்லாம் பூ வைத்திருக்கிறார்கள். இப்படி இருபத்து மூன்று. ஞாயிற்றுக்கிழமை வந்தால் நகரமே அங்கே நடக்கும்.

நம் தமிழ்ச் சங்கம் ஆறு வருஷம் மனுப் போட்டு, போன மாதம் இருபத்து நான்காவது துண்டு கிடைத்தது. கைகுலுக்கிக்கொண்டோம். மறுநாள் போய்ப் பார்த்தால் முழங்கால் அளவு தண்ணீர். சரிவின் அடிமட்டம் அது. மற்றத் தோட்டக்காரர்கள் அதற்குத் தவளைக் குழி என்று பெயரே வைத்திருக்கிறார்கள். மே மாத முடிவுக்குள் அதைச் சரிசெய்யாவிட்டால் வண்டி நிறுத்தும் இடமாக்கிவிடுவார்களாம்.

சங்கத் தலைவர் பல் மருத்துவர். அவருக்கு அங்கே பதினாலு அடியில் கல் வளைவு வைக்க ஆசை. தண்ணீரைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் வடிஞ்சிரும்பா" என்கிறார். பொறுப்பாளராக என்னைப் போட்டிருக்கிறார்கள். வேறு யாரும் கை தூக்கவில்லை. நான் தலையைச் சொறிந்தேன், தூக்கியதாக எடுத்துக்கொண்டார்கள்.

என்ன செய்வது என்று நீ சொல்வாயா? "வாய்க்கால் பார்க்கிற வேலைக்கு இவ்வளவு அலட்டலா" என்று கிளம்பும்போது நான் சொன்னதை மறக்கவில்லை. அதற்கு இங்கே மன்னிப்புக் கேட்டால் காரியத்துக்காகக் கேட்டது போலாகும். தனியாகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
பஸ்காரன்


பிப்ரவரி 19

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. நான் இப்போது ஓவர்சியர் இல்லை. போன வருஷத்திலிருந்து உதவிப் பொறியாளர். உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"தண்ணீர் நிற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் எந்த டாக்டர் மருந்து எழுதுவார்? அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து ஈரத்தோடு உருட்டுங்கள். உடையாமல் எவ்வளவு நீளம் திரிகிறது என்று பாருங்கள். கொஞ்சம் மண்ணைக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி ஒருநாள் வைத்து, எத்தனை அடுக்காகப் படிகிறது என்று எழுதுங்கள். மேடான ஓரத்தில் ஒரு முழம் குழி தோண்டி நீர் ஊற்றினால் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது? தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எங்கே போகப் பார்க்கிறது? அளக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் பிடிப்பார்களே, தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் டியூப், அது போதும். அளவு எல்லாம் அடி, அங்குலத்தில் வேண்டும். "ரொம்ப", "கொஞ்சம்" எல்லாம் வேண்டாம்.

வளைவைப் பற்றி: அந்தச் சேற்றில் பதினாலு அடி வைத்தால் முதல் மழையிலேயே அது உங்கள் தலைவருக்குக் குனிந்து வணக்கம் சொல்லும்.

உதவிப் பொறியாளர்


மார்ச் 8

உதவிப் பொறியாளர் அவர்களுக்கு,

பதவி உயர்வுக்கு வாழ்த்து. பஸ்ஸில் ஏறிய நாலு பேரிடம் சொன்னேன்; அவர்களுக்கு நம் மொழி புரியாது, அதனால் தைரியமாகச் சொன்னேன்.

மண் பாம்பு போல ஒன்பது அங்குலம் திரிந்தது, உடையவில்லை. பாட்டிலில் அடியில் மணல் அரை அங்குலம். மேலே மூன்றரை அங்குலம் வழவழவென்று களி. குழியில் ஊற்றிய தண்ணீர் ஒரு நாளில் அரை அங்குலம்கூடக் குறையவில்லை. என் பொறுமைதான் குறைந்தது. நிலம் எழுபது அடிக்கு நாற்பத்தைந்து.

டியூப்பின் ஒரு முனையை நானும் மறுமுனையைச் சங்கத்துத் தையற்காரரும் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றோம். மேல்பக்கத்து மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு ரொட்டிக்கடைக்காரர் வேடிக்கை பார்த்தார். பிறகு பொறுக்காமல், "தள்ளுங்க, உங்க கை ஆடுது" என்று காலணியைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டார். மழை பெய்தால் அவர்கள் பாதையும் முங்குமாம், எட்டு வருஷமாக.

தண்ணீர் மேலே மூன்று தோட்டங்களிலிருந்து இறங்குகிறது. வெளியே போகச் சாலைக்கடியில் ஒரு குழாய் இருக்கிறது. ஆனால் அதன் வாய் நம் தரையைவிட ஒன்றே முக்கால் அடி உயரம். மூன்று தடவை அளந்தோம்.

பஸ்காரன்


மார்ச் 21

அன்புள்ள பஸ்காரருக்கு,

அளவுகள் ஒழுங்காக இருக்கின்றன. எங்கள் அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிற சிலர் இவ்வளவு ஒழுங்காக அளப்பதில்லை.

தண்ணீரை வடிக்க முடியாது. போகிற வழி மேலே இருக்கிறது. மண் கொட்டி மேடாக்கலாம், ஆனால் தண்ணீர் அந்த ரொட்டிக்கடைக்காரர் தோட்டத்துக்குள் ஏறும். அடுத்தவர் நிலத்தில் தண்ணீரைத் தள்ளிவிட்டு நாம் பூ வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாரம் யோசித்தேன். பஸ்ஸில், சமையலறையில், ஆய்வுக் கூட்டத்தில் அதிகாரி திட்டிக்கொண்டிருக்கும்போதுகூட.

குளம் வெட்டுங்கள்.

களிமண் தண்ணீரை உறிஞ்சாது என்பதுதானே தொல்லை? உறிஞ்சாத மண்தான் குளத்துக்கு நல்ல மண். பாதி நிலத்தை வெட்டி ஆழப்படுத்துங்கள். அந்த மண்ணாலேயே மீதிப் பாதியை உயர்த்திக் கரையும் பாத்தியும் போடுங்கள். தண்ணீர் வரும் வாயில் வண்டல் படிய ஒரு குழி. சுற்றிலும் மனிதர்கள் உட்கார ஏழு படிகள். நிரம்பினால் வழிந்து சாலைக் குழாய்க்குள் போகக் கல்லால் ஒரு கலிங்கு. கொசு வராமல் மீன் விடுங்கள்.

தமிழர் என்று காட்ட என்ன வைப்பது என்று யாராவது கேட்டால், குளம் வெட்டி, கரை கட்டி, கலிங்கு வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியவர்கள் என்று காட்டினால் போதாதா என்று கேளுங்கள்.

இரண்டு வரைபடங்கள் இணைத்திருக்கிறேன். கலிங்கு வரைபடம் அடுத்த தபாலில். அதில் அரை அங்குலம் தவறினாலும் எல்லாம் வீண்.

உதவிப் பொறியாளர்

சேற்றில் நிற்கும்போது காலுக்கு உயரமான ரப்பர் பூட்ஸ் போடுங்கள். உங்களுக்குச் சளி சீக்கிரம் பிடிக்கும்.


ஏப்ரல் 9

அன்புள்ள உனக்கு,

ரப்பர் பூட்ஸ் வாங்கிவிட்டேன். ஆனால் இந்தக் கடிதம் எழுதக் கை வரவில்லை.

சங்கக் கூட்டத்தில் உன் வரைபடத்தை விரித்தேன். பல் மருத்துவர், "குட்டையைக் கொண்டாடவா ஆறு வருஷம் காத்திருந்தோம்?" என்றார். பாதிப் பேர் சிரித்தார்கள். பாதிப் பேர் குனிந்து பார்த்தார்கள், அவர்கள் சிரிக்கவில்லை. தையற்காரர், "யாருங்க இதை வரைஞ்சது? கோடு கத்தரிச்ச மாதிரி இருக்கே" என்று கேட்டார்.

"ஒரு நண்பர்" என்றேன்.

உன்னிடம் மறைக்க முடியவில்லை. இங்கே எல்லோரிடமும் என் மனைவி வீட்டில் இருக்கிறாள், அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள், அதனால் வர முடியவில்லை என்றுதான் ஒன்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது, என்னைவிட அது பெரிது என்று என்னோடு வராமல் நின்றுவிட்டாள் என்று சொல்ல எனக்கு வெட்கம். முதல் வருஷம் சொன்ன பொய். பிறகு மாற்றவே வாய்ப்பு வரவில்லை. வாய்ப்பு வந்தபோது வாய் வரவில்லை.

முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். கலிங்கு வரைபடத்துக்குக் காத்திருக்கிறேன்.

பஸ்காரன்


ஏப்ரல் 20

உங்களுக்கு,

கலிங்கு வரைபடத்தை அந்த நண்பரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.


மே 2

அன்புள்ள உனக்கு,

நீ எழுதிய ஒரு வரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேற்றுக் கூட்டத்துக்குப் போனேன்.

நாற்பது பேர். தலைவர் வளைவின் படத்தைப் பலகையில் குத்தி வைத்திருந்தார். நான் எழுந்து, வரைபடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு திருத்தம் என்றேன். "இதை வரைஞ்சது நண்பர் இல்லைங்க, என் மனைவி. அவங்க வீட்ல சும்மா இல்லை. உதவிப் பொறியாளர். அவங்க கட்டின மதகால இருபது ஊருக்குத் தண்ணி பாயுது. அவங்க வேலையை விட்டுட்டு என் பின்னால வரலைங்கிற கோபத்துல நான்தான் ஒன்பது வருஷமா உங்ககிட்ட பொய் சொன்னேன்."

பஸ்ஸில் பிரேக் போட்டால் எல்லோரும் ஒருதரம் முன்னால் சாய்வார்களே, அப்படி நாற்பது பேரும் சாய்ந்தார்கள். பின்வரிசையிலிருந்து செவிலியர் வேலை பார்க்கும் ஒரு அம்மா, "அப்ப அவங்க சொன்னபடி குளத்தை வெட்டுங்க, வேறென்ன பேச்சு?" என்றார். கை தூக்கச் சொன்னார்கள். முப்பத்தொரு கை. பல் மருத்துவர் தன் படத்தைத் தானே கழற்றி மடித்துக்கொண்டார். பாவமாக இருந்தது, ஆனால் நல்ல மனுஷன், "முதல் மண்வெட்டி நான்தான் போடுவேன்" என்றார்.

வரைபடம் வந்தாலும் வராவிட்டாலும், அன்றைக்கு உன் வேலையைப் பற்றி நான் சொன்னது தப்பு. அது வாய்த் தவறு இல்லை. உனக்கு அது எவ்வளவு பெரிது என்று தெரிந்தேதான் சொன்னேன். மன்னித்துவிடு. இதைத் தனியாகக் கேட்பதாகச் சொல்லியிருந்தேன்.

பஸ்காரன்


மே 13

அன்புள்ள உங்களுக்கு,

கலிங்கு வரைபடம் இதனுடன். உண்மையில் அது மார்ச்சிலேயே வரைந்து முடித்தது. என் மேசையில் கிடந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தது.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "இவனுக்கு இவ்வளவு பேச வருமா?" என்றார். எனக்கும் அதே சந்தேகம். நானும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் கொஞ்சம் மெதுவாகப் பதில் சொல்லியிருக்கலாம். வேலையை விட்டிருக்க மாட்டேன். ஆனால் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

மதகு இருபது ஊருக்கு இல்லை, பதினேழு ஊருக்கு. கூட்டத்தில் திருத்திச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உதவிப் பொறியாளர்


ஜூலை 6

என் அன்புள்ள உனக்கு,

நம் தோட்டம் நேற்றுத் திறந்தாயிற்று! முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேசாதே.

மே முடிவில் பூங்காக் கண்காணிப்பாளர் அம்மா வந்து பார்த்தார். குளம், படி, கலிங்கு எல்லாம் முடிந்திருந்தது. தேங்கிய தண்ணீரை வாளியால் இறைத்துவிட்டு, சங்கமே சனி ஞாயிறுகளில் சேற்றில்தான் குடியிருந்தது. ரொட்டிக்கடைக்காரர் தன் ஆட்களோடு வந்து கலிங்குக்குக் கல் செதுக்கினார். அந்த அம்மா ஒருமுறை சுற்றி வந்து, "ஒரு பெருமழை வரட்டும். தாங்கினா நிலம் உங்களோடது. தாங்கலைன்னா மன்னிச்சுக்கங்க" என்று போய்விட்டார்.

ஜூன் 27 சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வானம் கறுத்தது. நான் ஓடினேன். பார்த்தால் சங்கம் முழுக்க அங்கே நிற்கிறது, ஆளுக்கொரு குடை. மேலேயிருந்து தண்ணீர் சிவப்பாக உருண்டு வந்தது. வண்டல் குழியில் விழுந்து சுழன்று, குளத்துக்குள் நுழைந்தது. முதல் படி முங்கியது. இரண்டாவது. மூன்றாவது. நாலாவது படி முங்கும்போது கண்காணிப்பாளர் மழைச் சட்டையோடு வந்து நின்றார். ஆறாவது படியும் முங்கியது. நான் அளந்ததில் அரை அங்குலம் தப்பியிருந்தால்?

ஏழாவது படியின் விளிம்பைத் தொட்டது. அப்படியே கலிங்கின் மேல் ஏறி, வேட்டியை விரித்த மாதிரி ஒரே சீராக வழிந்தது! சொட்டு சிந்தாமல் சாலைக் குழாய்க்குள் இறங்கியது. மேலும் ஒன்றரை மணி நேரம் கொட்டியது மழை. குளம் ஒரு விரல்கூட ஏறவில்லை. பல் மருத்துவர் குடையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கைதட்டினார். தையற்காரர் என்னைக் கட்டிக்கொண்டார். செவிலியர் அம்மா படியில் உட்கார்ந்து அழுதார், சிரித்தார், இரண்டும். ரொட்டிக்கடைக்காரர் தன் பாதையில் மேலும் கீழும் நடந்து பார்த்துவிட்டு வந்து, "என் செருப்பு நனையலைய்யா!" என்று கத்தினார்.

கண்காணிப்பாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வரைஞ்சது யாரு?"

இந்த முறை நான் வாயைத் திறப்பதற்குள் நாற்பது பேரும் சொல்லிவிட்டார்கள். மதகு பதினேழு ஊருக்கு என்பது உட்பட.

நேற்று ஞாயிறு. நகரமே வந்தது. மற்றத் தோட்டங்களில் கூட்டம் நின்று பார்த்துவிட்டு நகர்கிறது. நம் தோட்டத்தில்தான் உட்கார்கிறது. படி முழுக்க எத்தனை மொழி, எத்தனை குழந்தைகள்! தவளைகளும் போகவில்லை. கரையோரம் உட்கார்ந்து அவையும் கத்தின.

சரிவில் இன்னும் ஐந்து இடத்தில் இதே தொல்லையாம். முழுச் சரிவையும் பார்த்துத் திட்டம் போட்டுத்தர உன்னை அழைத்து நகராட்சி எழுதுகிறது. அந்தக் கடிதம் உன் அலுவலகத்துக்கே வரும். அது அவர்கள் அழைப்பு. நானும் அழைக்கிறேன் என்பதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இந்த இடத்தில் அரைமணி நேரமாகப் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்,
பஸ்காரன்


ஜூலை 22

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதமும் நகராட்சிக் கடிதமும் ஒரே நாளில் வந்தன. எங்கள் கோட்டப் பொறியாளர் அந்த முத்திரையைத் தடவித் தடவிப் பார்த்தார். "நம்ம ஆபீசுக்கு வெளிநாட்டுல இருந்து கூப்பிடுறாங்களா?" என்று அலுவலகம் முழுக்கச் சுற்றுக்கு விட்டார். போன மாதம் என் கோப்பை மூன்று முறை திருப்பி அனுப்பியவர், என் மேசைக்கே வந்து கைகொடுத்தார். நான் எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே கொடுத்தேன். அந்த ஒரு நிமிஷத்தை யாருக்கும் தரமாட்டேன்.

மழை பெய்த பகுதியை நான்கு தடவை வாசித்தேன். ஏழாவது படி வந்ததும் என் வரைபடத்தை எடுத்து அளவை மறுபடி சரிபார்த்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கலிங்கு கட்டியிருக்கிறேன். எதற்கும் யாரும் கைதட்டியதில்லை.

மூன்று மாத விடுப்பு கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் 18 வருகிறேன். அம்மா அக்கா வீட்டில் இருப்பார்; அனுமதி கேட்டதற்கு, "போறதுக்கு இவ்வளவு நாளா?" என்றார். மூன்று மாதம் முடிந்ததும் திரும்பிவிடுவேன், இங்கே எனக்கு வேலை இருக்கிறது. அதற்குப் பிறகு யார் எங்கே, எப்படி என்பதை நேரில் பேசுவோம். மூன்றாவது நிமிஷத்தைத் தாண்டுகிறோமா பார்க்கலாம்.

நகராட்சி எனக்கு விருந்தினர் விடுதியில் அறை ஒதுக்கியிருந்தது. வேண்டாம் என்று பதில் எழுதிவிட்டேன்.

உங்கள் வீட்டில் பெரிய மேசை இருக்கிறதா? சாப்பாட்டு மேசை போதாது. முழுச் சரிவின் வரைபடமும் விரியவேண்டும். இல்லையென்றால் வாங்கிப் போடுங்கள். ஜன்னல் பக்கமாக, இரண்டு நாற்காலியோடு.

உங்கள்,
பொறியாளர்