ஏழாம் தேதிக் கட்டம்

ஆகஸ்ட் 5, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். நர்ஸ் உத்தியோகத்துக்கு வாய்த்த வண்டி, ஸ்டார்ட் ஆக நாலு உதை. ரத்த ரிப்போர்ட் வந்துவிட்டது. செல்வியின் மகளுக்கு மலேரியா. மூன்றே வயது. பதினாலு நாளுக்கான மாத்திரையைக் கணக்காக எண்ணிக் கொடுத்தேன். பொடித்து, வெல்லத் தண்ணீரில் கரைத்து, கரண்டியில் கொடுக்கக் காட்டினேன். அரை மணிக்குள் கக்கினால் மறுபடி கொடு. தினம் அட்டையில் அந்தத் தேதிக் கட்டத்தில் டிக். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி
செல்வி கொண்டுவந்த அட்டையில் ஏழாம் தேதிக் கட்டம் காலி! குழாயடியில் அத்தனை பேர் எதிரில் கத்திவிட்டேன். “பெத்த புள்ள மேல அக்கறை வேணாமா?” செல்வி அட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒருத்தி சிரித்தாள். வரும் வழியெல்லாம் மனசு சரியில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்
பி.எச்.சி. ஆஸ்பத்திரியில் மீட்டிங். பேனாவுக்கு ரீஃபில் வாங்கணும். அம்மாவுக்குத் தைலம். போகிற வழியில் செல்வி வீடு. ஏழுக்குப் பிறகு எல்லா நாளும் டிக், மாத்திரையும் கணக்குக்குச் சரி. சபாஷ் என்றேன். குழந்தை மட்டும் ஏன் இப்படித் துவண்டு கிடக்கிறது? நேரமில்லை, கிளம்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்
மறுபடி காய்ச்சல். கொதிக்கிறது. நானே பி.எச்.சி.க்குக் கூட்டிப்போனேன். பெஞ்சில் வைத்துத்தான் செல்வி வாய் திறந்தாள்.
“அன்னிக்கி கொயந்த கக்கிட்சி நர்சம்மா. உள்ள போவாததுக்கு எப்டி டிக் போட்றது?”
“மறுபடி குடுக்கச் சொன்னேனே?”
“எண்ணித்தான குட்த்தீங்க. ஒண்ணு சேத்துக் குட்த்தா கடசி நாளுக்கு ஏது? கேக்கலாம்னு வந்தேன், நீங்க கத்திக்கினு இருந்தீங்க. அப்பால கக்குனாலும் டிக் போட்டுட்டேன்.”
எத்தனை நாள் கக்கியது? மூன்றோ நாலோ. அவளுக்கே நினைவில்லை. காலியாக இருந்த அந்த ஒரு கட்டம்தான் நிஜம். அதற்குத்தான் திட்டினேன்.

ஆகஸ்ட் 16, சனி
காய்ச்சல் குறைந்திருக்கிறது. டாக்டர் மாத்திரையை முதலிலிருந்து கொடுக்கச் சொன்னார். கக்கினால் கொடுக்க உபரியாக ஐந்து மாத்திரை கேட்டு வாங்கி, செல்வியிடம் தந்தேன். அதே குழாயடி. “செல்வி மேல தப்பில்ல, தப்பு என்னுது” என்று உரக்கச் சொன்னேன். காது சுட்டது. “தோ பார்றா, நர்சம்மாவே சொல்லுது” என்றாள் அன்று சிரித்தவள். செல்வி குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நம்பினாளா, தெரியவில்லை.

சாயங்காலம் செல்வியிடமிருந்து போன்.
“நர்சம்மா, கக்கிட்சி.”
வண்டிச் சாவியை எடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, சொல்கிறாள். என்னிடம் சொல்கிறாள்!
“இன்னொண்ணு பொடிச்சிக்கினு கீறேன்.”