கிளாரினெட்டுக்கு முந்திய மூச்சு

மாதா துணை
வெஸ்ட் ஈலிங், லண்டன்

அன்பு மகன் கொட்வினுக்கு,

மெல்பேணில் நீயும் மருமகள் றொஷானியும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் என் சொல் கேட்கிறது. நீ கடைசியாக அனுப்பிய செய்தியில் எழுத்துப்பிழை மலிந்திருந்தது, கவனி. நீ ஒழுங்கு செய்தபடி, அப்பாவின் இசைத்தட்டைக் கணினியில் ஏற்றி ஒலியைச் சுத்தம் செய்கிற நிருஜனிடம் ரெய்னர்ஸ் லேனுக்குப் போய்வந்தேன். நல்ல பிள்ளை, தலை சீவுவதில்லை. கொழும்பு ஹோட்டல் பாண்டில் அப்பா வாசித்த ஜாஸில் அந்த ஒரு தட்டுத்தானே மிஞ்சியிருக்கிறது. ஹெட்போனை மாட்டிவிட்டான். கிளாரினெட் தொடங்குவதற்குச் சற்று முன் அப்பா மூச்சை இழுத்தார். நான் இருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டேன். அதைக் கண்டு நிருஜன், "பயப்பிடாதேங்கோ அன்ரி, உந்த இரைச்சலை முழுக்க அழிச்சுப்போடுவன்" என்றான். அது இரைச்சல் இல்லை, என் புருஷன் என்றேன். "கொட்வின் அண்ணை சுத்தமாய் வேணுமெண்டவர், அவரைத்தான் கேக்கோணும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

அந்த மூச்சு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாது. அப்பா வாத்தியம் பழகியது யாழ்ப்பாணத்தில், மாதா கோயில் பாண்டில். சவ ஊர்வலத்தில் பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டு வாசிப்பவர்களுக்கு எப்போது தொடங்குவது என்று கை காட்ட ஆள் இல்லை. கிளாரினெட்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி மூச்சை இழுப்பார், மற்றவர்கள் அதில் ஏறிக்கொள்வார்கள். ஹோட்டலில் வெள்ளைக் கோட்டுப் போட்டு ஆடுகிறவர்களுக்கு வாசித்தபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை. "ஐசே, இது செத்தவீடில்லை" என்று பாண்ட் மாஸ்டர் ஏசுவாராம். ஆனால் டிரம் அடிப்பவர் அந்த மூச்சுக்காகத்தான் குச்சியைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார். லண்டனுக்கு வந்தபின் மேடை இல்லை, விமான நிலையத்தில் ஷிப்ட் வேலைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் முன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பார், குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிற எனக்கு முதலில் மூச்சுத்தான் கேட்கும். ரெய்னர்ஸ் லேனிலிருந்து திரும்பியது முதல் அது மறுபடி கேட்கிறது. பட்டப்பகலில், கறி கிளறும்போது, முன் அறையில் மூச்சு இழுபடுகிறது. நான் அகப்பையோடு நின்று வாத்தியத்துக்குக் காத்திருக்கிறேன். அது வருவதில்லை. பயமில்லை மகன், காத்து நிற்பதுதான் ஏலாமல் இருக்கிறது.

அப்பாவின் கடைசிக் கிழமை முழுக்க ஆஸ்பத்திரியில் மெஷின்தான் அவருக்காக மூச்சு விட்டது. நீ வந்து சேர்ந்தபோது உன் காதில் விழுந்தது அதுதான். அப்பா தானாக இழுத்த மூச்சு இனி அந்தத் தட்டில் மட்டும்தான் உண்டு. ஊசி கீறுகிற சத்தத்தை நிருஜன் எடுக்கட்டும், மூச்சில் கை வைக்க வேண்டாம் என்று வெள்ளிக்கிழமைக்குள் அழைத்துச் சொல். உன் சொல்லுக்குத்தான் அவன் காத்திருக்கிறான்.

மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்திருக்கட்டும். சளி மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. நிருஜன் சுத்தம் செய்த பதிவு வந்ததும் தனியாக இருந்து கேள். றொஷானி பக்கத்தில் இருந்தால் நீ அழ வெட்கப்படுவாய்.

என்றும் உன்
அம்மா