வாய் நிறையத் திட்டுங்கள்

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய வீட்டுக்காரருக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. இங்கே நானும் அத்தையும் பாப்பாவும் நலம். நீங்களும் நலம் என்றுதான் போனில் சொல்கிறீர்கள். அதை நம்பலாமா கூடாதா என்பது தனிப் பேச்சு, பிறகு வருகிறேன்.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்கள் அறையில் கட்டிலை ஒட்டிக் கட்டில் போட்டு அத்தனை ஆண்கள் படுத்திருக்கிறீர்கள். நான் இங்கே ஒரு வார்த்தை சொன்னால் அங்கே நாலு பேர் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. உங்கள் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திக் கேட்டால் "சரி சரி, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது அங்கேயேதான் கிடக்கும். உங்களோடு வேலை செய்கிற வெல்டர் தம்பி விடுப்பு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே கிளம்புகிறார். அவரிடம் இதையும் உங்கள் பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன்.

தண்ணீர்த் தொட்டி ஒழுகலை அடைத்தாயிற்று. அதற்காகப் போன வாரம் என்னைத் திட்டினீர்களே, போனே தேவையில்லை, இங்கே தெருமுனை வரை கேட்டிருக்கும். "ஒரு தொட்டியப் பாத்துக்கத் துப்பில்ல" என்றீர்கள். அந்தத் துப்பில்லாதவள்தான் ஆளைக் கூட்டிவந்து, வெயிலில் பக்கத்திலேயே நின்று வேலை வாங்கினாள். பாப்பா கணக்கில் தேறிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அப்பாவின் வேலையை வரையச் சொன்னார்களாம். கிரேனை நன்றாகவே வரைந்திருக்கிறாள். அதன் உச்சியில் ஒரு சின்ன ஆள், அவ்வளவு சின்ன ஆளுக்கு இவ்வளவு பெரிய வாய். இது என்னடி என்று கேட்டேன். "அப்பா அங்கேருந்து உன்னத் திட்டுறாரு" என்கிறாள். படத்தைப் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்ட பிரஷர் மாத்திரையும் ஓர் அட்டை வாங்கியாயிற்று. மருந்துக்கடைக்காரர் பழைய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டுக்காரருக்கு வருஷத்துக்கு ஓர் அட்டை போதுமா அம்மா என்று கேட்டார். நான் ஏதோ மழுப்பினேன். வேறு என்ன சொல்வது? என் வீட்டுக்காரர் காலையில் கிரேனில் ஏறினால் பொழுது சாயும்போதுதான் இறங்குவார், இந்த மாத்திரை போட்டால் அடிக்கடி ஒன்றுக்குப் போகவேண்டி வரும், அந்த உயரத்தில் அதற்கு வழி இல்லை, அதனால் மாத்திரையையே விட்டுவிட்டார் என்றா? கம்பெனி டாக்டர் வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்கும்போது மட்டும், அதற்கு முன்னால் சில நாள் விழுங்கி, மிஷினை ஏமாற்றி, மறுபடி மேலே ஏறிவிடுவார் என்றா? கடை நிறைய ஆள் நிற்கும்போது இதைச் சொன்னால் நம் மானம்தான் போகும்.

உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்கிறீர்கள். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன் என்கிறீர்கள். மாமாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சவரம் செய்துகொள்ள சலூனுக்குப் போனவர் பாதி முகத்தில் நுரையோடு நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். கிடையில் விழாமல் போனார், கொடுத்து வைத்தவர் என்று ஊரே சொன்னது. அத்தை மட்டும் இன்றைக்கும் சலூன் இருக்கிற தெருப் பக்கம் போவதில்லை. நீங்கள் அவர் பிள்ளை, அதே முகவெட்டு, அதே கோபம்.

நாளைக்கு மீசை அண்ணனைப் பார்க்கப் போகிறேன். உங்களோடு அதே கிரேனில் மாற்று ஷிப்ட் ஓட்டுகிறவர் ஊருக்கு வந்திருக்கிறார் என்று நேற்று வெல்டர் தம்பி சொல்லித்தான் தெரியும். நீங்கள் வாயே திறக்கவில்லையே? போய் வந்து மீதியை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை.

போய் வந்துவிட்டேன். வந்த வேகத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீடு மாறி வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். கட்டிலில் கிடந்தவருக்கு மீசை இல்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, ஊட்டுவதெல்லாம் ஓரத்தில் வழிந்து மீசையில் ஒட்டுகிறதாம். அவர் வீட்டு அக்காதான் தன் கையாலேயே மழித்துவிட்டிருக்கிறார். வலது கையைத் தலையணை மேல் எடுத்து வைத்திருந்தார்கள். வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. நான் வணக்கம் சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். வெறும் காற்றுதான் வந்தது. அத்தனை பெரிய மனிதர் கண்ணில் தண்ணீர் வைத்ததைப் பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல் நான் போர்வையை இழுத்துச் சரி செய்தேன்.

அக்கா என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். வேலை முடிந்து இறங்கி, குழாயில் கை கழுவும்போது சுருண்டு விழுந்தாராம். இறங்கிய பிறகு விழுந்தார், அது மட்டும்தான் நல்ல காலம் என்றார். மேலே இருக்கும்போது வந்திருந்தால்? கொக்கியில் கம்பிக்கட்டு தொங்கிக்கொண்டிருக்க, கீழே ஆட்கள் நிற்க, அந்தக் கை நின்று போயிருந்தால்? நினைத்துப் பாருங்கள். நான் வழியெல்லாம் அதை மட்டுமே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு அக்கா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "உன் வீட்டுக்காரரும் அந்தச் சோதனைக்குத்தான் முழுங்குறாரா?" ஆமாம் என்று தலையை ஆட்டினேன். இந்த வித்தையை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அண்ணன்தானாமே. இப்போது அவர் ஷிப்டிலும் பாதியை நீங்களே சேர்த்து ஓட்டுகிறீர்களாமே. இதையெல்லாம் நான் அடுத்த வீட்டுச் சமையலறையில் நின்றா தெரிந்துகொள்ள வேண்டும்?

அக்கா சொன்ன இன்னொன்றை அப்படியே எழுதுகிறேன். "தெனம் என்னத் திட்டாம அவருக்குச் சோறு எறங்காது. அப்பல்லாம் எப்படா இந்த வாய் ஓயும்னு இருப்பேன். இப்ப ஒரே ஒரு வார்த்த திட்ட மாட்டாரான்னு அந்த வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

கிளம்பும்போது அண்ணன் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். விரலை மேலே காட்டினார். பிறகு உள்ளங்கையைக் கீழே அழுத்தி அழுத்திக் காட்டினார். கிரேன் கொக்கியைக் கீழே இறக்கச் சொல்ல நீங்கள் எல்லாரும் காட்டுகிற சைகைதானே அது? எனக்கு அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வராமல் நேராக சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உங்களுக்கு விழ வேண்டியதை எல்லாம் நானே வாங்கிக் கட்டிக்கொண்டேன். மிஷின் ஏமாறும், உள்ளே இருக்கிற ரத்தக்குழாய் ஏமாறுமா என்று கேட்டார். இது சொல்லிக்கொண்டு வருகிற நோய் இல்லையாம். வலி இல்லாமலேயே வருஷக்கணக்கில் இருதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் அரித்துக்கொண்டிருக்குமாம். அப்பாவுக்கு இருந்ததா என்றார், இருந்தது என்றேன். சிகரெட் என்றார், உண்டு என்றேன். தூக்கம் என்றார், ஷிப்ட் மாறி மாறி வரும் என்றேன். நாளெல்லாம் உட்கார்ந்த வேலையா என்றார். அதற்கும் ஆமாம் போட்டேன்.

உப்பைப் பற்றிக் கேட்டபோதுதான் அவருக்குக் கோபமே வந்தது. கம்பி கட்டுகிறவர்களுக்கு வியர்வை கொட்டுகிறது என்று மேஸ்திரி உப்புக் கரைத்த தண்ணீர் வைக்கிறார். அதையே நீங்களும் ஒரு பாட்டில் நிரப்பிக்கொண்டு மேலே போகிறீர்கள். ஏசி போட்ட கேபினில் உட்கார்ந்திருக்கிறவருக்கு எதற்கு அம்மா உப்புத் தண்ணீர் என்றார். அவரையே கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சொல்லுங்கள், எதற்கு?

இன்னொன்றும் சொன்னார். இந்த மாத்திரைதான் தொந்தரவு என்றால் டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டுமாம். ஒன்றுக்குப் போக வைக்காத வேறு மாத்திரையும் இருக்கிறதாம். ஆளைப் பார்த்து எது சரி என்று டாக்டர் எழுதித் தருவாராம். நாமாக நிறுத்துவதும் நாமாக விழுங்குவதும்தான் கூடாதாம். ஒரு வாய் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். என்னைத் திட்டத் திறக்கிற வாய் டாக்டரிடம் திறக்கவில்லை.

இப்போது கவனமாகப் படியுங்கள். பொட்டலத்தில் இரண்டு துண்டு, ஒரு தொப்பி, பாப்பா வரைந்த படம் இருக்கின்றன. மாத்திரை இல்லை. துண்டை உதறிப் பார்க்க வேண்டாம், மறந்து போய் விடவில்லை. அட்டை இங்கே கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கிறது. நான்தான் வைக்கவில்லை.

சோதனை வரைக்கும்கூடக் காத்திருக்காதீர்கள். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் மேலே ஏறாமல் கம்பெனி டாக்டரிடம் போங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் எழுதிக் கொடுப்பதைத் தினமும் போடுவேன் என்று சொல்லுங்கள், அட்டை என்ன, மூட்டையாகவே வாங்கி அனுப்புகிறேன். வேறு யாரிடமாவது கைமாற்றாக வாங்கி விழுங்கிவிட்டு ஏறிவிடாதீர்கள், பாப்பா மேல் ஆணை. கிரேனை விட்டு இறக்கினால் இறங்குங்கள். கீழே நின்று கொடி காட்டுகிற வேலை கொடுத்தால் காட்டுங்கள். சம்பளம் குறையும், தெரியும். பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் போடுகிற வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், நான் போகிறேன். அத்தையிடம் பேசிவிட்டேன். பிள்ளை தரையில் நடந்தால் போதும் என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வேளை கெட்ட வேளையில் போன் அடித்தால் எடுக்கக் கை போக மாட்டேன் என்கிறது. அடித்து ஓயும் வரை தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் உங்கள் குரல் இல்லாமல் வேறு யார் குரலாவது இருந்துவிட்டால் என்ன செய்வேன்?

இதைப் படித்ததும் உங்களுக்கு என் மேல் ஆத்திரம் வரும். போனை எடுப்பீர்கள். எடுங்கள். துப்பில்லாதவள், சம்பாத்தியத்தில் மண்ணைப் போட்டவள், எது வருகிறதோ சொல்லுங்கள். அறையில் இருக்கிற அத்தனை பேரும் கேட்கட்டும். நான் நடுவில் பேச மாட்டேன். வாய் நிறையத் திட்டுங்கள். தரையில் நின்றுகொண்டு திட்டுங்கள். பாப்பாவுக்குக் கல்யாணமாகி, நம் தலை நரைத்து, பல் போன பிறகும் இப்படியே திட்டிக்கொண்டிருங்கள்.

இப்படிக்கு,
அந்தத் திட்டுக்காகப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
உங்கள் மனைவி