குளிர் அறையில் பாடிய பாட்டு

கிறிஸ்துவுக்குள் பிரியமான நம் பிள்ளைகளின் அம்மாவுக்கு, நான் சுகம். உன் முட்டுவலி குறைந்ததா?

இனிப் பாடவேண்டாம் என்று சபைப் பாடகர் குழுவே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டதே, அந்தக் குரல்தான் நேற்று என்னைக் காப்பாற்றியது. நான் உள்ளே இருப்பது தெரியாமல், வேலை செய்யும் இடத்தில் இறைச்சி வைக்கும் குளிர் அறையைப் பூட்டிவிட்டார்கள். தட்டித் தட்டிக் கை மரத்துவிட்டது. இனி உங்களைப் பார்க்கமாட்டேன் என்றே நினைத்தேன். அழுதுகொண்டே ஸ்தோத்திரப் பாட்டு ஒன்றை எடுத்தேன். சுருதி போன போக்கில் எனக்கே சிரிப்பு வந்தது. அந்தப் பயத்துக்குள்ளும் ஒரு சந்தோஷம், எங்கிருந்து வந்ததோ!

கதவைத் திறந்த காவலாளி, "யோவ், தொங்கவிட்ட மாடுதான் உயிரோட எழுந்து கத்துதுன்னு நெனச்சேன்யா!" என்றார்.

உன் பழைய சால்வையை அனுப்பு, துவைக்க வேண்டாம். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

அந்தக் காவலாளியிடம் சொல்லாததை உனக்கு மட்டும் எழுதுகிறேன். கதவு திறப்பதற்குச் சற்று முன், தெரிந்த சரணங்கள் தீர்ந்து குரலும் போனபோது மனதுக்குள் கேட்டேன்: "ஆண்டவரே, இனி என்னால முடியாது. மீதியை நீர் பாடும்."