புதுக் கம்ப்யூட்டர் கைநழுவிய விதம்

வியாழன்

கம்ப்யூட்டருக்கு நாளிதழால் விசிறிக்கொண்டிருந்தேன். முதலாளி பார்த்துவிட்டார். கிள்ளான் துறைமுகத்துக்கு அனுப்பும் சரக்குப் பட்டியல் பெரிய எக்ஸ்எம்எல் கோப்பு. ஓர் எழுத்தைத் திருத்தினால் எடிட்டர் மென்பொருள் ஐந்து நிமிடம் அசையாது. வேறு கம்ப்யூட்டர் கேட்டு இரண்டு வருடமாகக் கெஞ்சுகிறேன். இன்றுதான் மனம் இரங்கி, “சரிண்ணே, புதுசு வாங்கிருவோம் லா,” என்றார்.

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். காலையில் நான்தான் அவளிடம் இதற்கு ஒரு வழி கேட்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டது என் புத்தி.

“அப்பா, எழுத்துக்குக் கலர் காட்டுறத ஆஃப் பண்ணுங்க. வரி மடக்குறதையும் எடுத்துருங்க. பெரிய ஃபைலுக்கு அதான் பாரம்.”

செய்தேன். திருத்தம் உடனே விழுந்தது.

“அப்புறம் என்னண்ணே, இதுவே போதும் லா,” என்று முதலாளி போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகள், “வேலை செஞ்சுச்சாப்பா?” என்றாள்.

“நல்லாவே செஞ்சுச்சும்மா.”

நாளைக்குக் கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்கவில்லை.