ஒரே ஆள் மூன்று தடவை அவுட்டான கதை

என் ராசாவுக்கு அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள், இல்லாவிட்டாலும் ‘நல்லாத்தான் இருக்கோம்மா’ என்றுதான் சொல்வாய், அந்தப் புத்தி உன் அப்பாவிடமிருந்து வந்தது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் நலம். சென்ற வாரத்துக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் ஆறே முக்காலுக்கு நீ போனில் சொன்னாயே, ‘கண்ணு போன மனுசனுக்கு எதுக்கும்மா டிவி, அதுவும் அஞ்சு நாள் கிரிக்கெட்டு, கண்ணு இருக்கிறவனுக்கே அதுல ஒண்ணும் தெரியாது’ என்று, நீ தமாஷாகத்தான் சொன்னாய், ஆனால் நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், உன் அப்பா பக்கத்திலேயே இருந்தார். நீ வைத்ததும் சுவரைத் தடவிக்கொண்டு போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் படுத்தவர்தான், மூன்று நாள் சவரம் இல்லை, நாலு வாய்க்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. இனி வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்குக்கூட இப்படி இல்லை.

அந்த ஆட்டத்தின் மேல் எனக்கு உள்ள ஆத்திரம் உனக்குத் தெரியும். நீ பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு, பையன் என்று சொல்ல வந்த நர்ஸிடம் ‘இந்த ஓவர் முடியட்டும்’ என்றவர். நாற்பத்தோரு வருஷமாச்சு, கட்டை வேகிறவரை மறக்கமாட்டேன். ஆனாலும் வியாழக்கிழமை மேட்ச் என்றதும் நானே பிளக்கைச் சொருகி, நான் பார்த்துச் சொல்கிறேன் என்று உட்கார்ந்தேன். வர்ணனைக்காரர்களின் தொணதொணப்பு அவருக்கு ஆகாது, கண் தெரிந்த காலத்திலேயே சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார், இப்போதும் அதே பிடிவாதம், ஆக என் வாய்தான் எல்லாம். இத்தனை வருஷம் அந்தப் பெட்டிக்கு முதுகைக் காட்டியவளுக்கு என்ன தெரியும். ஒருத்தனின் குச்சி பறந்தது, அவுட் என்றேன். உடனே இன்னொன்று, பின்னாலேயே இன்னொன்று. ‘மூணு பேர் போயிட்டாங்க’ என்றதும் மனுசன் துள்ளி எழுந்து யார் யார் என்றார். ‘மூணு பேருக்கும் ஒரே மாதிரி மீசைங்க’ என்றேன். இருமல் வருகிறவரை சிரித்தார். ‘அடியே, ஒரே ஆளைத்தான்டி திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டுறான்!’

ஒன்றும் நடக்காதபோது என்ன சொல்வது என்றால் ‘அதைத்தான் சொல்லு’ என்கிறார். கையுறையைக் கழற்றி மாட்டுகிறான், மண்ணைத் தட்டுகிறான், நிழல் நீண்டுவிட்டது என்று சொல்கிறேன். பயப்படுகிறானா என்று கேட்கிறார், அவன் கால் நிற்கிற விதத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிகிறது. கடைசி நாள் ஒரு பொடியன் இரண்டு மணி நேரம் அடிக்காமல், அவுட்டும் ஆகாமல் நின்றான். நான் எழுந்தால் அவன் போய்விடுவானோ என்று எழவேயில்லை, அடுப்பில் பால் பொங்கி ஊற்றியது. பெற்ற பிள்ளைக்கு வேண்டிக்கொள்வது போல யாரோ ஒருத்தனுக்கு வேண்டிக்கொண்டு கிடந்தோம்.

நீ சொன்னதை அவர் மறந்துவிட்டார், நான் மறக்கவில்லை. மாத்திரை போட்டாரா என்று கேட்டு இரண்டு நிமிஷத்தில் போனை வைக்காதே. இருபதாம் தேதி அடுத்த மேட்ச், ஒரு மணி நேரம் நீ பார்த்து அவருக்குச் சொல். பேச விஷயம் இல்லையே என்று யோசிக்காதே, அந்த ஆட்டத்தில் சும்மா இருந்தாலும் யாரும் எழுந்து போவதில்லை. நீயும் உன் கண்ணை டாக்டரிடம் காட்டு, இது அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருமாம். மூவரும் நூறு வயது குறையில்லாமல் இருங்கள்.

உங்கள் ஊர் டிவியில் இந்த மேட்ச் வருமா என்று கேட்டு எழுதச் சொன்னார். நீங்களே கேளுங்கள் என்றேன். கேட்கமாட்டார், அதனால் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்